மறைத்தலும் காட்டலும்
(கணினிப் பாடம் ஆக்குவோர்க்கு ஒரு பயிற்சி)



பாலக்காட்டுச் சீமையின் தோல்பாவைக் கூத்தை உங்களிற் சிலர் கண்டிருக்கக்கூடும். பகவதி கோவிலின் கூத்துமாடத்தில் திரை கட்டி, அதன் பின்னே 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பனின் இராமகாதையைப் பாவை நிழலால் நடத்திக் காட்டுவர். நடத்துவோர் மலையாள நாட்டுப் புலவர். அவர் பாடும் செய்யுளோ தமிழ். திரையில் இராமன் நிற்கும் வேளையில் இராவணன் எங்கே போனான்? எங்கும் போகவில்லை. திரைக்குப் பின்னே, புலவரின் கைக்கெட்டும் தொலைவில், தன் முறைக்காகக் காத்திருக்கிறான். அவன் திரையில் இல்லை, கதையில் இருக்கிறான்.

கணினியில் பாடம் ஆக்க முனைவோர்க்கு இதுவே முதற்பாடம் என்பேன். எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது, எப்போது காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டவரே நல்ல பாடம் ஆக்குவர். இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. பிழை செய்து அறிந்தேன். அப்பிழைகளை நீங்களும் செய்யாதிருக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

எல்லையில் ஒரு வகுப்பு

என் ஊர் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ளது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூரும், கிழக்கு மலைமேல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அங்கு வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ்வழி வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. கேரள அரசு தமிழிலும் பாடநூல் அச்சிடுகின்றது.

கணினியைப் பள்ளிக்குக் கொண்டு சென்றதில் கேரளம் முந்திய மாநிலங்களுள் ஒன்று. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தோன்றிற்று. 2017-ல் அதுவே கைட் என்னும் நிறுவனமாயிற்று. 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் தந்தது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் அவ்வரிசையில் பாடங்கள் வந்தன.

சென்ற விடுமுறையில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பிள்ளைகள் பதினெட்டுப் பேர். பதினொருவர் தமிழ்வழி, எழுவர் மலையாளவழி. கருவி, இரவல் வாங்கிய ஒரு லேப்டாப். மென்பொருள், ஜியோஜீப்ரா.

ஜியோஜீப்ரா என்பது வடிவியலும் இயற்கணிதமும் கைகோக்கும் ஒரு மென்பொருள். ஆஸ்திரிய நாட்டு மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. கேரளப் பள்ளிக் கணினிகளில் அது இருக்கிறது; கணக்குப் பாடநூல்களிலும் அதனைக் கொண்டு செய்யும் பயிற்சிகள் உள்ளன. எனவே அதனையே எடுத்துக்கொண்டேன்.

மறைத்தல் வேறு, அழித்தல் வேறு

நான் எடுத்த பாடம் மிக எளியது: முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. க, ச, த என்னும் மூன்று முனைகள் கொண்ட முக்கோணத்தை வரைக. கச என்னும் பக்கம் அடியில் இருக்கட்டும். த மேலே இருக்கட்டும். த வழியே கச-வுக்கு இணையாக ஒரு கோடு இடுக. அக்கோட்டில் த-வின் இருபுறத்தும் ஒன்றுவிட்ட கோணங்கள் தோன்றும்: ஒன்று க-வின் கோணத்துக்குச் சமம், மற்றொன்று ச-வின் கோணத்துக்குச் சமம். அவ்விரண்டும் த-வின் சொந்தக் கோணமும் ஒரே நேர்கோட்டில் அருகருகே அமர்கின்றன. ஆகவே கூட்டுத்தொகை 180.

இணைகோட்டின் மேல் உள்ள கோணத்தை அளக்க, அக்கோட்டில் இடப்புறம் ஒரு புள்ளியும் வலப்புறம் ஒரு புள்ளியும் வேண்டும். அவை நமக்குத் தேவை, பிள்ளைக்குத் தேவையில்லை. திரையில் வீணே நின்று, ‘இவை என்ன?’ என்று கேட்க வைக்கும். ஆகவே நான் அவற்றைத் தேர்ந்து, விசைப்பலகையில் அழிக்கும் விசையைத் தட்டினேன். புள்ளிகள் போயின, அவற்றை நம்பி நின்ற இரு கோணங்களும் உடன் போயின!

இங்குதான் கூத்துமாடத்து இராவணன் நினைவுக்கு வருகிறான். ஜியோஜீப்ராவில் ஒவ்வொரு பொருளும் தன் முன்னோரைச் சார்ந்து நிற்கிறது. முன்னோரை அழித்தால் வழித்தோன்றல்களும் அழியும். மறைத்தாலோ கண்ணுக்கு மட்டும் அகலும், கணக்கில் உயிரோடிருக்கும். த-வை இழுத்தால் மறைந்த புள்ளிகளும் உடன் நகரும். அவற்றைச் சார்ந்த கோணங்களும் மாறும். பொருளின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘பொருளைக் காட்டு’ என்பதில் உள்ள குறியை நீக்கினால் போதும். பக்கத்தில் உள்ள இயற்கணிதப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் முன்னும் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதனைத் தட்டினாலும் அதுவே நிகழும். வட்டம் நிறைந்திருந்தால் பொருள் தோன்றுகிறது, வெறுமையாயிருந்தால் மறைந்திருக்கிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. பொருள் வேறு, அதன் மேல் ஒட்டிய பெயர் வேறு. கோணத்தைக் காட்டி, அதன் பெயரை மறைக்கலாம்; பெயரைக் காட்டி, அளவை மறைக்கலாம். கோணத்தின் மேல் 62 பாகை, 71 பாகை, 47 பாகை என்று எழுதி வைத்துவிட்டு, ‘கூட்டுத்தொகையைச் சிந்தியுங்கள்’ என்றால் பிள்ளை சிந்திக்காது, கூட்டும்.

நிபந்தனை என்னும் காவலன்

கையால் மறைத்துக் கையால் காட்டுவது ஆசிரியர் அருகில் நிற்கும்போது போதும். பாடம் தானே நடக்க வேண்டுமாயின், காட்டும் வேளையைப் பாடத்துக்கே சொல்லி வைக்க வேண்டும். அதற்கு இரு வழிகள்.

முதல் வழி தேர்வுப் பெட்டி, அதாவது செக்பாக்ஸ். அக்கருவியை எடுத்துத் திரையில் ஓரிடத்தைத் தட்டினால், பெட்டிக்கு ஒரு பெயரும், அது ஆளவேண்டிய பொருள்களும் எவை என்று கேட்கும். பெட்டியில் குறியிட்டால் அப்பொருள்கள் தோன்றும், எடுத்தால் மறையும். உள்ளே நடப்பது இதுதான்: பெட்டி ‘மெய்’ அல்லது ‘பொய்’ என்னும் இரு மதிப்புகளுள் ஒன்றை ஏற்கிறது, பொருள்கள் அம்மதிப்பைப் பார்த்து நடக்கின்றன.

இரண்டாம் வழி இன்னும் வலியது. ஒவ்வொரு பொருளின் அமைப்புப் பக்கத்திலும் ‘பொருளைக் காட்டுவதற்கான நிபந்தனை’ என்று ஓர் இடம் உண்டு. அதில் ஒரு கணிதக் கூற்றை எழுதலாம். நான் 0 முதல் 4 வரை நகரும் ஸ்லைடர் ஒன்றை அமைத்து, அதற்குப் ‘படி’ என்று பெயரிட்டேன். பிறகு நிபந்தனைகளை இவ்வாறு பங்கிட்டேன்:

இணைகோடு: படி 1 அல்லது அதற்கு மேல்.
இடக்கோணம்: படி 2 அல்லது அதற்கு மேல்.
வலக்கோணம்: படி 3 அல்லது அதற்கு மேல்.
முடிவுரை: படி 4.

படி 0 எனில் முக்கோணம் மட்டும் நிற்கும். படி ஏற ஏறப் பாடமும் ஏறும். எந்தப் பொருளுக்கும் தனி ஆணை வேண்டியதில்லை; ஓர் எண் எல்லாவற்றையும் ஆளும். ‘சமம்’ என்று எழுதாது ‘அல்லது அதற்கு மேல்’ என்று எழுதியதைக் கவனியுங்கள். சமம் என்று எழுதினால், இரண்டாம் படி வந்ததும் முதற்படியில் கண்ட இணைகோடு ஓடி மறையும். பிள்ளை எதனைப் பற்றி ஏறியதோ அந்த ஏணிக்காலையே உருவியது போலாகும்.

என் முதற்பிழை

எல்லாம் அமைத்து, நான்காம் படி வரை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து, கோப்பைச் சேமித்து வைத்தேன். மறுநாள் வாசகசாலையில் திறந்தேன். திறந்தவுடன் சுவரில் பளிச்சென்று நின்றது முடிவுரை: ‘மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை.’

ஜியோஜீப்ரா பொருள்களை மட்டும் சேமிப்பதில்லை; அவை நின்ற நிலையையும் சேமிக்கிறது. நான் படி 4-ல் நிறுத்திச் சேமித்தேன். அது படி 4-லேயே விழித்தது. நான் பதறி ஸ்லைடரைப் பின்னுக்கு இழுப்பதற்குள் பிள்ளைகள் 180 என்று எழுதி நோட்டை மூடிவிட்டார்கள். ‘ஏன் 180?’ என்றேன். ‘சுவரில் இருந்ததே, சார்!’ என்றது ஒரு பெண். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அதன்பின் ‘தொடக்கம்’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதனைத் தட்டினால் படி 0 ஆகும். சேமிக்கும் முன் அதனைத் தட்டுவதை நோன்பாகக் கொண்டேன்.

ஆயினும் மற்றொரு குறை இருந்தது. ஸ்லைடரைக் கண்ட பிள்ளை அதனைக் கடைசி வரை ஒரே இழுப்பாக இழுக்கும். அது பிள்ளையின் குற்றமன்று. இழுக்கத்தக்க பொருளைக் கண்முன் வைத்தவர் குற்றம். ஆகவே ஸ்லைடரையே மறைத்தேன். அதன் இடத்தில் ‘அடுத்து’ என்னும் பொத்தானை வைத்தேன். ஒரு தட்டுக்குப் படி ஒன்று கூடும். அப்பொத்தானும் தொடக்கத்தில் தோன்றாது. ‘கூட்டுத்தொகை எவ்வளவு இருக்கும்? உன் கணிப்பை எழுது’ என்று ஓர் எழுத்துப் பெட்டி இருக்கும். கணிப்பின் தொடக்க மதிப்பு 0. கணிப்பு 0-க்கு மேற்பட்டால் ‘அடுத்து’ தோன்றும். நான்காம் படியை எட்டியதும் அது மறையும்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். கணிப்பு 180-க்குச் சமமானால்தான் வழி திறக்கும் என்று முதலில் எழுதினேன். அது தேர்வாகுமேயன்றிப் பாடமாகாது. 200 என்று எழுதிய பிள்ளைக்குத்தான் பாடம் மிகுதியும் தேவை; அதன் முகத்தில் கதவை அடைத்தல் தகுமோ? எந்தக் கணிப்புக்கும் வழி திறக்கும்படி மாற்றினேன். 200 எழுதிய சிறுவன் நான்காம் படியில் தன் எண்ணையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துத் தானே சிரித்தான். விடையை மறைத்ததன் பயன் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரு மொழி, ஒரு திரை

இனி மொழிக்கு வருவோம். பதினொருவர்க்குத் தமிழில் எழுத வேண்டும், எழுவர்க்கு மலையாளத்தில். இரண்டு கோப்புகள் செய்தால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்போம். ஆகவே ஒரே கோப்பில் இரு மொழி உரைகளையும் வைத்து, ‘தமிழ்’ என ஒரு தேர்வுப் பெட்டியும் ‘மலையாளம்’ என மற்றொன்றும் அமைத்தேன்.

அது என் இரண்டாம் பிழை. இரு பெட்டிகளுக்கு நான்கு நிலைகள் உண்டு. தமிழ் மட்டும், மலையாளம் மட்டும் என்னும் இரண்டை நான் எண்ணினேன். இரண்டிலும் குறியிட்டால் ஓரெழுத்தின் மேல் மற்றோரெழுத்து ஏறி எதுவும் படிக்க இயலாது. இரண்டிலும் குறி இல்லையேல் படம் ஊமையாகும். இவ்விரண்டையும் நான் எண்ணவில்லை. பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள்.

மருந்து எளிது. பெட்டி ஒன்றே போதும். தமிழ் உரைக்கு நிபந்தனை: பெட்டி மெய். மலையாள உரைக்கு நிபந்தனை: பெட்டி மெய் அன்று. இப்போது இரண்டும் சேர்ந்து தோன்றா. இரண்டும் சேர்ந்து மறையா. படியையும் இதனோடு பிணைக்கலாம்: ‘பெட்டி மெய், அத்துடன் படி 2 அல்லது அதற்கு மேல்’. அளவையியலின் ‘உம்’, ‘அல்லது’, ‘அன்று’ என்னும் மூன்று சொற்களே இவ்வளவு வேலையும் செய்கின்றன.

மலைமேல் கேட்ட வினா

இவ்வளவில் என் பாடம் நிறைவுற்றது என்றே எண்ணினேன். என் அத்தை இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழி வகுப்பில் ஆசிரியை. ஊருக்கு வந்தவரிடம் பெருமையோடு பாடத்தைக் காட்டினேன். பெட்டியைத் தட்டினால் தமிழ் போய் மலையாளம் வருவதையும், மீண்டும் தட்டினால் மலையாளம் போய்த் தமிழ் வருவதையும் காட்டினேன். அத்தை பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஒன்று வந்தால் ஒன்று ஏன் போகணும், கண்ணு?” என்றார்.

“இரண்டும் வந்தால் குழம்புவார்களே, அத்தை!”

“எங்கள் பிள்ளைக்கு ஏழாவது வரை முக்கோணம். அப்புறம் கீழே ஊருக்குப் படிக்கப் போகும். அங்கே திரிகோணம் என்பார்கள். தனக்குத் தெரிந்த பொருளையே தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும். இரண்டு பெயரையும் ஒரு தடவையாவது பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டாமா?”

நான் வாயடைத்து நின்றேன். முக்கோணம் மலையாளத்தில் திரிகோணம். கோணம் அங்குக் கோண். இணை அங்குச் சமாந்தரம். கோணத்துக்கும் கோணுக்கும் உள்ள உறவைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். சமாந்தரத்தை யாரேனும் காட்டினாலன்றி அறியாது. காட்டும் கருவி என் கையில் இருந்தது. நானோ அதனை மறைக்கவே பழகியிருந்தேன்.

அன்றிரவே பெட்டியை எடுத்துவிட்டு, ‘மொழி’ என்னும் ஸ்லைடரை வைத்தேன்; மதிப்புகள் 1, 2, 3. தமிழ் உரைக்கு நிபந்தனை: மொழி 2 அன்று. மலையாள உரைக்கு நிபந்தனை: மொழி 1 அன்று. ஆகவே 1-ல் தமிழ் மட்டும், 2-ல் மலையாளம் மட்டும், 3-ல் இரண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி தமிழை மேல் வரியிலும் மலையாளத்தைக் கீழ் வரியிலும் நிறுத்தினேன். எந்த மதிப்பிலும் திரை ஊமையாகாது. மறுநாள் தமிழ்வழிப் பிள்ளையும் மலையாளவழிப் பிள்ளையும் ஒரே லேப்டாப்பின் முன் அமர்ந்து, மூன்றாம் நிலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்லை மற்றவர் படித்துச் சிரித்தார்கள்.

பிற மென்பொருள்களில்

நான் சொன்னது ஒரு மென்பொருளைப் பற்றியே ஆயினும் நெறி பொதுவானது. பள்ளிப் பிள்ளைகள் பழகும் ஸ்கிராட்சில் ‘காட்டு’, ‘மறை’ என இரு கட்டளைக் கட்டைகள் உண்டு. மறைந்த உருவம் தன் கட்டளைகளைத் தொடர்ந்து செய்யும். ஆனால் அதனைத் தட்ட இயலாது. அடோபி கேப்டிவேட்டிலும் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனிலும் பொருளைத் தொடக்கத்தில் மறைத்து வைத்து, மாணவர் ஒன்றைத் தட்டும்போது காட்டும்படி ஆணையிடலாம். ஸ்டோரிலைனில் ‘மறைந்த நிலை’ என்பது பொருளின் நிலைகளுள் ஒன்று.

இணையப் பக்கமாகப் பாடம் ஆக்குவோர் மூவகை மறைப்பை வேறு பிரித்து அறிய வேண்டும். முதல் வகையில் பொருள் தன் இடத்தையும் விட்டு விலகும். மற்றவை நெருங்கி அமரும். இரண்டாம் வகையில் பொருள் தோன்றாது. அதன் இடம் வெறுமையாக நிற்கும். மூன்றாம் வகையில் பொருள் கண்ணாடிபோல் ஆகும். தோன்றாது, ஆனால் அங்கேயே இருக்கும், தட்டினால் வேலையும் செய்யும். இம்மூன்றாம் வகையால் விடையை மறைத்தால், கண்பார்வையற்ற மாணவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவ்விடையை உரக்கச் சொல்லிவிடும். நமக்கு மறைந்தது அவருக்கு மறையவில்லை! மாறாக, படத்தை மட்டும் காட்டி அதற்கு விளக்கம் எழுதாது விட்டால், நமக்குத் தோன்றுவது அவருக்கு என்றும் தோன்றாது. ‘யாருக்குக் காட்டுவது?’ என்று தொடக்கத்தில் கேட்டேனே, அதன் பொருள் இதுதான்.

நீங்கள் செய்யத்தக்கது

நம் மன்றத்து அன்பர்கள் பாடம் ஒன்று ஆக்க விரும்பின், பெரிய பாடத்தில் தொடங்க வேண்டா. ஐந்து பொருள் கொண்ட ஒரு படம் போதும். முதலில் தாளில் ஒரு பட்டியல் இடுக: இடப்புறம் பொருள்களின் பெயர், மேலே படிகளின் எண், ஒவ்வொரு கட்டத்திலும் ‘தோன்றும்’ அல்லது ‘மறையும்’. பட்டியல் முடிந்தபின் கணினியைத் திறங்கள். முடித்ததும் ஒவ்வொரு நிலையையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் எண்ணாத நிலைகளை முதலில் பாருங்கள். தொடக்க நிலைக்குத் திருப்பி வைத்துச் சேமியுங்கள். பிறகு ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் அமருங்கள்.

விடையை மறையுங்கள், அது பிள்ளை தானே வந்து திறக்கும் கதவாகட்டும். துணைப் புள்ளிகளை மறையுங்கள். அவை வீட்டின் அடித்தளம்போல் கீழே நின்று தாங்கட்டும். பிள்ளையின் மொழியை மட்டும் மறைக்காதீர்கள். எல்லையில் வாழும் எங்களுக்கு அது நன்கு தெரியும்: மறைந்திருப்பதெல்லாம் அழிந்ததன்று, காட்டுவார் இருந்தால் அது மீண்டும் திரைக்கு வரும்.